வெள்ளமும் வெயிலும் வருமுன்: சிறு உற்பத்தி ஆலைகள் தங்கள் சப்ளையர்களை ஆராய்வதற்கான வழிகாட்டி

2011-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் தாய்லாந்தின் சாவோ பிரயா ஆற்றில் பெருகிய வெள்ளம், பாங்காக்குக்கு வடக்கே இருந்த 7 தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தது. அக்டோபரில் ஹோண்டாவின் அயுத்தயா கார் ஆலைக்குள் புகுந்த நீர், 2012 மார்ச் இறுதிவரை அங்கே உற்பத்தியை முடக்கியது. நீரில் நின்ற 1,055 புதிய கார்களை அந்நிறுவனம் விற்காமல் உடைத்து அழித்தது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு ஹோண்டாவைவிட டொயோட்டாவின் அனுபவமே முக்கியமானது. தாய்லாந்தில் இருந்த டொயோட்டாவின் 3 ஆலைகளிலும் வெள்ளம் நுழையவே இல்லை; இருந்தும் உதிரிபாகங்கள் வராததால் அவை ஒரு மாதத்துக்கும் மேலாக நின்றன, வேறு நாடுகளில் இருந்த அதன் ஆலைகளும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. கணினி வன்தட்டுத் தொழிலிலும் இதுவே நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் அதற்கு முந்தைய காலாண்டில் ஏறத்தாழ 5.8 கோடி வன்தட்டுகளை அனுப்பியிருந்தது. வெள்ளக் காலாண்டில் அது 2.85 கோடியாகச் சரிந்தது. வன்தட்டைச் சுழற்றும் சிறிய மோட்டார்களைச் செய்த நிடெக் நிறுவனத்தின் தாய்லாந்து ஆலைகளும் பாதிக்கப்பட்டதால், வெள்ளத்தில் சிக்காத போட்டி நிறுவனங்களுக்கும் பாகத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த வெள்ளத்தின் மொத்தச் சேதத்தை உலக வங்கி 1.43 லட்சம் கோடி பாட் என்று மதிப்பிட்டது.

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம், ஒரகடம் போன்ற இடங்களில் இயங்கும் ஒரு சிறு அல்லது நடுத்தர ஆலையில், கொள்முதல் பொறுப்பிலோ உற்பத்தித் திட்டப் பொறுப்பிலோ புதிதாக அமர்ந்திருப்பவரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. காலநிலை மாற்றம் என்றவுடன் 2050-ஆம் ஆண்டின் வரைபடங்களையும் விலை உயர்ந்த ஆலோசனை அறிக்கைகளையும் தேடிப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு கணக்குத்தாளும், சப்ளையர்களின் பட்டறைகளுக்கு நேரில் போய்வரும் பொறுமையும் போதும். எந்தப் பொருளுக்கு அதிகப் பணம் கொடுக்கிறோமோ அதில்தான் அதிக ஆபத்து இருக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும்.

முதல் படி: லாபம் தரும் பொருளிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள்

எல்லாச் சப்ளையர்களையும் ஒரே நேரத்தில் ஆராயத் தொடங்கினால் வேலை பாதியிலேயே நின்றுவிடும். உங்கள் ஆலையின் லாபத்தில் பெரும்பங்கைத் தரும் இரண்டு அல்லது மூன்று பொருட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்னென்ன சேர்கிறது என்பதை பி.ஓ.எம். பட்டியலிலிருந்து (ஒரு பொருளுக்குத் தேவையான பாகங்களின் பட்டியல்) எழுதிவிட்டு, அந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் சேருங்கள். பிளேட்டிங் (உலோக முலாம் பூசுதல்), ஹீட் ட்ரீட்மெண்ட், பவுடர் கோட்டிங் போன்ற ஜாப் ஒர்க்குகள், அதாவது வெளியே கொடுத்துச் செய்யும் வேலைகள், பொருளாக வாங்கப்படாததால் பல ஆலைகளின் பட்டியலில் இடம்பெறுவதில்லை. வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பும் பெட்டிகள், வெல்டிங் வாயு, லாரித் தண்ணீர் ஆகியவையும் அப்படியே விடுபடுகின்றன. ஆனால் இவற்றில் எது வராவிட்டாலும் உற்பத்தி லைன் நின்றுவிடும்.

இரண்டாம் படி: பில்லில் உள்ள முகவரியை நம்பாதீர்கள்

ஜிஎஸ்டி பில்லில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அலுவலக முகவரியாகவோ வியாபாரியின் கிடங்காகவோ இருக்கும். உங்களுக்குத் தேவைப்படுவது அந்தப் பாகத்தைச் செய்யும் இயந்திரம் எந்தக் கூரையின் கீழ் நிற்கிறது என்பதுதான். கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, அதன் ஆயத்தொலைகளைப் பட்டியலில் பதிவு செய்யுங்கள்.

பிறகு அந்தச் சப்ளையரிடம், தன் மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறார், எந்த வேலையை வெளியே கொடுக்கிறார் என்று கேளுங்கள். இந்த இரண்டாவது அடுக்கைத் தாண்டிப் போவது சிறு ஆலைகளுக்குக் கடினம் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. ஒரே பாகத்துக்கு இரண்டு சப்ளையர்களை வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும் ஆலைகள் பல. அந்த இருவரும் தங்கள் பாகங்களை ஒரே பிளேட்டிங் பட்டறைக்குத்தான் அனுப்புகிறார்கள் என்றால், ஆபத்து நாளில் உங்களுக்கு இருப்பது ஒரே சப்ளையர்தான்.

மூன்றாம் படி: ஒவ்வோர் இடத்துக்கும் உரிய ஆபத்தை எழுதுங்கள்

வெள்ளத்திலிருந்து தொடங்கலாம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் இருந்த கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகள் மூழ்கின. பெரிய கார் ஆலைகளும் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நீர் தேங்கியது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைகள் முன்னைவிடக் கூடுகின்றன. 2015-ஐ நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று ஒதுக்கி வைக்காமல், அந்த ஆண்டு நீர் நின்ற உயரத்தையே உங்கள் கணக்கின் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள்.

சப்ளையரின் பட்டறைக்கு நேரில் போகும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. வெளிச்சுவரில் பழைய நீர்மட்டக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளையடித்து மறைத்திருந்தால் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் கேளுங்கள், அவர் தன் கையாலேயே உயரத்தைக் காட்டுவார். பட்டறையின் தரை சாலையைவிட உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறி நுழைந்த பட்டறைக்குள் இன்று இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அத்தகைய இடத்தில் ஆறு பொங்க வேண்டியதில்லை. ஒரு நாள் கனமழையே போதும். உள்ளே போனால் மின் பேனல், கம்பிரஷர், ஜெனரேட்டர் ஆகியவை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று அளந்து எழுதுங்கள். கடைசியாக டை, மோல்டு (பாகங்களுக்கு வடிவம் தரும் அச்சுகள்) அடுக்கிய ராக்கைப் பாருங்கள். கனமானது கீழே இருக்கட்டும் என்று அடித்தட்டிலும் தரையிலும் வைத்திருப்பதே வழக்கம். உங்கள் பணத்தில் செய்த மோல்டும் அங்கேதான் இருக்கும்.

வெப்பத்தை வெள்ளம் அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது ஒரே நாளில் எதையும் நிறுத்துவதில்லை. 2030-இல் வெப்ப அழுத்தத்தால் இந்தியாவின் வேலை நேரத்தில் 5.8 சதவீதம் இழக்கப்படலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. தகரக் கூரையின் கீழ் உலை எரியும் ஒரு ஃபவுண்டரியிலோ ஃபோர்ஜிங் பட்டறையிலோ மே மாதம் நின்று பார்த்தவருக்கு இந்த எண் வியப்பாக இராது. ஆட்கள் வராமை, கூடும் ரிஜெக்ஷன், தாமதமாகும் டெலிவரி என்றே அது உங்களிடம் வந்து சேரும். சப்ளையரின் கடந்த மூன்று ஆண்டு டெலிவரிப் பதிவுகளை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஏப்ரல் முதல் ஜூன் வரை சரிவு தெரிகிறதா என்பது விளங்கிவிடும். உங்கள் ஆலையிலேயே இருக்கும் தகவல் இது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தொழிலாளர்களுக்குக் குடிநீர், நிழல், இடைவேளை ஆகியவற்றை ஏற்பாடு செய்யாத பட்டறை, மனிதர்களுக்குத் தீங்கு செய்வதோடு உங்களுக்கும் நம்பகமற்ற பட்டறையாகிறது.

தண்ணீர்ப் பஞ்சம் பிளேட்டிங், சாயம், வார்ப்பு, உணவு பதனீடு ஆகியவற்றை முதலில் தாக்கும். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது தொழிற்சாலைகள் லாரித் தண்ணீருக்கு அலைந்ததை இப்பகுதியில் தொழில் செய்வோர் அறிவர். சப்ளையருக்கு நீர் எங்கிருந்து வருகிறது, கழுவிய நீரை அவர் மறுபடி பயன்படுத்துகிறாரா என்ற இரண்டு கேள்விகள் போதும். கடைசியாகச் சரக்கு வரும் வழி. 2018 அக்டோபரில் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள கவுப் என்ற ஊரின் அளவுகோலில் நீர்மட்டம் 25 செ.மீ.க்கு இறங்கியபோது சரக்குப் படகுகள் முழுச் சுமையுடன் போக முடியாமல், பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 25 கோடி யூரோ இழப்பு நேர்ந்தது. அதன் ஆலைக்கு எந்தச் சேதமும் இல்லை. உங்கள் சரக்கு எந்தத் துறைமுகம், எந்தத் தரைப்பாலம், எந்தச் சுரங்கப்பாதை வழியே வருகிறது என்பதையும் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

நான்காம் படி: இரண்டு காலங்களை ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் சிம்ச்சி-லெவி, ஃபோர்டு நிறுவனத்துடன் சேர்ந்து பயன்படுத்திய இந்த முறையில், ஒரு பேரிடர் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு சப்ளையருக்கும் இரண்டு எண்களை எழுதினால் போதும். அவர் முற்றாக முடங்கினால் மறுபடி உங்களுக்குப் பாகம் தர எத்தனை வாரம் ஆகும் என்பது மீளும் காலம். அவர் இல்லாமல் உங்கள் லைன் எத்தனை வாரம் ஓடும் என்பது தாங்கும் காலம். முன்னது பின்னதைவிட நீளமாக இருந்தால் அந்த இடைவெளியே உங்கள் ஆபத்து.

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். அது வாரத்துக்கு 10,000 பிராக்கெட்டுகளைச் செய்கிறது; ஒவ்வொன்றிலும் எஃகுத் தகடு, துத்தநாக பிளேட்டிங், ஒரு ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் சிறு வளையம்) ஆகியவை சேர்கின்றன. செலவில் பாதிக்கு மேல் எஃகுக்கே போகிறது, அதனால் நிர்வாகத்தின் கவனமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே தகட்டை ஒரு வாரத்துக்குள் தரக்கூடியவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், ஆலையில் இரண்டு வார ஸ்டாக்கும் இருக்கிறது. ஆகவே இடைவெளி இல்லை. ரப்பர் புஷ் ஒன்றின் விலை 4 ரூபாய். அதற்கு ஒரே மோல்டு, அது ஓர் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் ஓரத்தில் உள்ள பட்டறையின் தரையில் கிடக்கிறது. அது பல நாட்கள் சேற்றில் கிடந்து கேவிட்டி (பாகம் உருவாகும் உட்குழி) முழுவதும் அரிக்கப்பட்டுப் புதிது செய்ய வேண்டியதானால் 6 வாரம், மாதிரி கொடுத்து வாடிக்கையாளரின் ஒப்புதல் பெற இன்னும் 4 வாரம், ஆக மீளும் காலம் 10 வாரம். ஆலையில் ஒரு வாரத்துக்கான புஷ்களும் ஒரு வாரத்துக்கான முடிந்த பிராக்கெட்டுகளும் இருக்கின்றன. சப்ளையரிடம் இன்னொரு வாரத்துக்கான புஷ்கள் தயாராக இருந்தாலும் அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அவையும் அதே நீரில்தான் மிதக்கும். தாங்கும் காலம் 2 வாரம். இடைவெளி 8 வாரம்.

இந்த எண்களைச் சப்ளையரிடமிருந்து பெறுவதற்குக் கொஞ்சம் நயம் வேண்டும். எத்தனை நாளில் சரிசெய்வீர்கள் என்று கேட்டால் ஒரே வாரம் என்றுதான் பதில் வரும், ஆர்டர் போய்விடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். 2015-இல் அல்லது 2023-இல் என்ன நடந்தது, முதல் சரக்கு எந்தத் தேதியில் வெளியே போனது, எந்த இயந்திரம் கடைசியாக ஓடத் தொடங்கியது என்று நடந்ததைக் கேளுங்கள். உண்மையான எண் அந்தப் பேச்சிலிருந்து தானாக வரும்.

ஐந்தாம் படி: இடைவெளியை ரூபாயாக மாற்றுங்கள்

ஒரு பிராக்கெட்டில் மூலப்பொருள் முதலிய மாறும் செலவுகள் போக 60 ரூபாய் மிஞ்சுகிறது என்றால் வாரத்துக்கு 6 லட்சம், 8 வாரத்துக்கு 48 லட்சம் ரூபாய். விற்பனைத் தொகையை எடுக்காமல் இந்த மிச்சத்தை எடுப்பதே சரியான கணக்கு. இதனுடன், வாடிக்கையாளரின் லைன் நின்றால் உங்களுக்குத் தர வேண்டியதில் பிடித்தம் செய்ய அவர் போடும் டெபிட் நோட், அவசரத்துக்கு விமானத்தில் அனுப்பும் செலவு, வேலையில்லா நாட்களிலும் கொடுக்க வேண்டிய கூலி ஆகியவற்றைச் சேருங்கள். இயற்கைச் சீற்றங்களில் சிக்கிய சப்ளையர்களைக் கொண்ட அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நிறுவனங்களின் விற்பனை வளர்ச்சி 2 முதல் 3 சதவீதப் புள்ளிகள் குறைந்ததைக் காட்டியது. எளிதில் வேறிடத்தில் கிடைக்காத தனித்தன்மையுள்ள பாகங்களைத் தருபவர் பாதிக்கப்பட்டபோது அந்தச் சரிவு கூடுதலாக இருந்தது. 4 ரூபாய் புஷ் இந்த வகையைச் சேர்ந்தது. எஃகுத் தகடு சேராது.

பட்டியலில் உள்ள எல்லாச் சப்ளையர்களையும் இந்த ரூபாய்த் தொகையின்படி இறங்குமுகமாக அடுக்குங்கள். மேலே வரும் பெயர்கள் உங்கள் முதலாளிக்கு வியப்பைத் தரக்கூடும். காலநிலையைப் பற்றிப் பேசும்போது காது கொடுக்காத நிர்வாகமும் இந்தத் தாளை எடுத்துப் படிக்கும்.

ஆறாம் படி: செலவு குறைந்த தீர்விலிருந்து தொடங்குங்கள்

மோல்டை நான்கடி உயரத்தில் வைக்க ஓர் உறுதியான ராக் செய்து கொடுப்பதற்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். அது சப்ளையரின் வேலை என்று வாதாடிக்கொண்டிருக்காமல் நீங்களே செய்து கொடுங்கள். வரைபடங்களும் நிரல்களும் இரண்டாம் இடத்தில் பிரதியாக இருக்கட்டும். அடுத்து ஸ்டாக். எட்டு வாரத்துக்கான புஷ்களின் விலை 3.2 லட்சம் ரூபாய்தான். அதையும் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பதால், செப்டம்பர் இறுதிக்குள் ஸ்டாக்கை ஏற்றி ஜனவரியில் இறக்கிவிடலாம். ரப்பர் நாள்பட்டால் கெடும் என்பதால் பழையது முதலில் வெளியேற வேண்டும். ஏற்றிய ஸ்டாக்கை உங்கள் ஆலையின் தாழ்வான மூலையில் வைத்தால் செய்ததெல்லாம் வீண்.

இரண்டாவது மோல்டும் இரண்டாவது சப்ளையரும் செலவு கூடிய தீர்வு, ஆனால் நிலையானது. அவர் வேறு ஆற்றின் வடிநிலத்தில் இருக்க வேண்டும். ஒரே ஏரிக்கு இருபுறமும் இருப்பவர்கள் இரண்டு சப்ளையர்கள் ஆகமாட்டார்கள். வாடிக்கையாளரின் ஒப்புதலை நெருக்கடி இல்லாத மாதத்தில் வாங்கி வைத்து, ஆர்டரில் ஐந்தில் ஒரு பங்கையாவது அவருக்குத் தொடர்ந்து கொடுங்கள். பெயரளவில் வைத்திருக்கும் சப்ளையர் அவசர நாளில் உங்களுக்கு முன்னுரிமை தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சப்ளையரின் கையில் பணம் இருப்பதும் மீளும் காலத்தைத் தீர்மானிக்கிறது. பதிவுபெற்ற சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. நான்கு மாதம் பாக்கி வைத்திருக்கும் ஆலை, வெள்ளம் வடிந்த மறுநாள் சப்ளையரிடம் வேகத்தை எதிர்பார்க்க முடியாது. மோட்டாரை ரீவைண்டிங் செய்ய அவரிடம் பணம் இல்லாமல் இருப்பதற்கு நீங்களும் ஒரு காரணம்.

காப்பீடு இவற்றுக்குப் பிறகே வருகிறது. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா ஆகிய பாலிசிகள் 2021 ஏப்ரல் முதல் இருக்கின்றன. வெள்ளச் சேதம் இவற்றில் அடங்கும். ஆனால் உற்பத்தி நின்றதால் இழந்த லாபத்துக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். சப்ளையரின் ஆலை நின்றதால் உங்களுக்கு நேரும் இழப்பை அதிலும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வெளியே ஜாப் ஒர்க் பட்டறைகளில் இருக்கும் உங்கள் மோல்டுகளும் சரக்கும் எந்த முகவரியில் உள்ளன என்பதைப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வாடிக்கையாளரின் கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022–23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கையைத் தர வேண்டியிருக்கிறது. அவற்றிடமிருந்து கேள்வித்தாள்கள் உங்களுக்கும் வரும். எஃகு, அலுமினியப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவோர், போல்ட், ஸ்க்ரூ செய்பவர்கள் உட்பட, 2023 அக்டோபரில் தொடங்கி 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள எல்லைக் கார்பன் வரிக்காக (பொருளை உற்பத்தி செய்கையில் வெளியான கார்பனுக்கு இறக்குமதியின்போது விதிக்கும் வரி) உமிழ்வுக் கணக்கையும் வைத்திருக்க வேண்டும். மேலே செய்த பட்டியல் கையில் இருந்தால், அபாயம் பற்றிய கேள்விகளுக்கு உண்மையான விடைகளை எழுதலாம். வேறொருவரின் விடைகளை நகலெடுத்து நிரப்பாதீர்கள்.

எட்டாம் படி: எச்சரிக்கை நாளுக்கான வேலைகளைப் பெயர் போட்டு எழுதுங்கள்

வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் யார் எந்தச் சப்ளையரை அழைப்பது, எந்த மோல்டை மேலே ஏற்றுவது, யார் மெயினை அணைப்பது, முடிந்த சரக்கை எந்த வண்டியில் எங்கே அனுப்புவது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, ஷிப்ட் சூப்பர்வைசரின் மேசைக்கு மேல் ஒட்டுங்கள். பொறுப்புக்கு எதிரே பதவிப் பெயர் போதாது; ஆளின் பெயரும் எண்ணும், அவர் விடுப்பில் இருந்தால் மாற்று ஆளின் பெயரும் வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். மோல்டை ஏற்ற செயின் பிளாக் இருக்கிறதா, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்பவை அன்றுதான் தெரியவரும். தொழிலாளர்களை மழைக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பும் நேரத்தையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்; சரக்கைக் காப்பாற்ற எவரையும் நீருக்குள் நிறுத்தக் கூடாது.

கணக்குத்தாளை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன் ஆகஸ்டிலும் கோடைக்கு முன் பிப்ரவரியிலும் திருத்துங்கள். ஒரு சப்ளையர் பட்டறையை இடம் மாற்றினாலோ, ஒரு வேலையை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்தாலோ அதுவரை காத்திருக்காமல் அன்றே அந்த வரியை மாற்ற வேண்டும். அந்தத் தகவல் உங்களுக்கு வந்து சேர, பர்ச்சேஸ் ஆர்டரின் நிபந்தனைகளிலேயே இடமாற்றத்தை 30 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.